கட்டுப்படியாகும் செலவில் மீட்லோஃப்: பிரெட்டைக் கண்டு தயங்க வேண்டாம்

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகருக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது, மகள் பள்ளித் தோழி வீட்டில் மீட்லோஃப் சாப்பிட்டுவிட்டு வந்து அதையே கேட்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அரைத்த கறியை ரொட்டி வடிவில் பிடித்து ஓவனில் சுடும் அமெரிக்கப் பண்டம் அது. கொழுப்புக் குறைவாக இருக்கட்டும் என்று 93/7 (93 பங்கு கறி, 7 பங்கு கொழுப்பு) கிரவுண்ட் பீஃப், அதாவது அரைத்த மாட்டுக்கறி, இரண்டு பவுண்டு வாங்கி, கலப்படம் வேண்டாம் என்று பிரெட் எதுவும் சேர்க்காமல் செய்தீர்கள். செங்கல் மாதிரி வந்தது, இறைச்சிக்கு மட்டும் 17 டாலர் ஆயிற்று. ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் இதை மலிவாகச் செய்ய வழி உண்டா என்பது உங்கள் கேள்வி.

உண்டு. நீங்கள் வேண்டாம் என்று விட்ட பிரெட்தான் அந்த வழி. செலவைக் குறைப்பதற்கு மட்டும் சொல்லவில்லை. உங்கள் மீட்லோஃப் செங்கல் ஆனதற்கும் பிரெட் இல்லாததும் கொழுப்பு இல்லாததும்தான் காரணம். விலை கூடிய இறைச்சியைத் தேடிப் போனதால் பணமும் போயிற்று, பதமும் போயிற்று.

நான் ஓஹையோவுக்கு வந்தது 2001-ல். டேட்டனில் எங்கள் பக்கத்து வீட்டில் எண்பது வயதை எட்டிய ஒரு பாட்டி இருந்தார். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வளர்ந்தவர். வீட்டில் ஏழு பிள்ளைகள். ஒரு பவுண்டு கறி வாங்கினால் ஒன்பது பேருக்கு வர வேண்டும். அவருடைய அம்மா சால்டீன் என்ற உப்பு பிஸ்கட்டை நொறுக்கிப் பாலில் ஊறவைத்துக் கறியோடு சேர்ப்பாராம். பிறகு வசதி வந்த காலத்திலும் இந்தப் பாட்டி அளவை மாற்றவில்லை. கேட்டதற்கு, “கறி மட்டும் வேண்டுமென்றால் ஸ்டேக் தின்னலாமே, இது மீட்லோஃப்” என்றார். நான் மீட்லோஃப் கற்றது அவருடைய சமையலறையில்தான். கீழே சொல்வதில் பாதி அவருடையது, மீதி இருபது வருடமாக வாரம் தவறினாலும் மாதம் தவறாமல் செய்து பார்த்ததில் தேறியது.

இந்தப் பண்டத்தின் பிறப்பே அப்படி. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கையால் சுற்றும் இறைச்சி அரைக்கும் இயந்திரங்கள் அமெரிக்க வீடுகளுக்கு வந்தன. பிலடெல்ஃபியாவின் என்டர்பிரைஸ் நிறுவனம் செய்த இரும்பு இயந்திரங்களைப் பழம்பொருள் கடைகளில் இன்றும் பார்க்கலாம். மென்று தீராத கடினமான துண்டுகளையும் மிச்சக் கறியையும் அதில் போட்டு அரைத்து, காய்ந்த ரொட்டியும் முட்டையும் சேர்த்துச் சுட்டார்கள். மந்தக் காலத்தில் அதுவே வாரச் சாப்பாடு ஆயிற்று. 1943 மார்ச் கடைசியில் போர்க்காலப் பங்கீட்டில் இறைச்சியும் சேர்ந்தபோது, ஒரு பவுண்டை இரண்டாகக் காட்டத் தெரிந்தவர்களுக்கு மீட்லோஃப் கைகொடுத்தது. ஓட்ஸ், பிஸ்கட், ரொட்டி இவற்றில் ஏதோ ஒன்று இல்லாத மீட்லோஃப் செய்முறையை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் டப்பாவிலேயே மீட்லோஃப் செய்முறையை அச்சிட்டு விற்றது. எனவே “கலப்படம்” என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள்.

நம் ஊர்ச் சமையல் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபட வேண்டும். கோலா உருண்டைக்குப் பொட்டுக்கடலைப் பொடி எதற்குப் போடுகிறோம்? கறியின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கவும், எண்ணெயில் உடையாமல் இருக்கவும். பிரெட்டும் பாலும் இங்கே அந்த வேலையைத்தான் செய்கின்றன, கொஞ்சம் கூடுதலாக. கறி சூடேறும்போது அதன் புரதம் சுருங்கி ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, உள்ளே இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். அரைத்த கறியில் இந்தப் பிடிப்பு எல்லாப் பக்கமும் நடக்கும். அதனால்தான் இறுகிப் போகிறது. பாலில் ஊறிய பிரெட்டைக் குழைத்துக் கலந்தால், அதன் மாவுச்சத்து புரதங்களுக்கு இடையே போய் உட்கார்ந்துகொண்டு அவற்றை அப்படி இறுகப் பற்றவிடாது. தன்னிடம் இருக்கும் பாலையும் விடாது, கறியிலிருந்து கசியும் சாற்றையும் கொழுப்பையும் உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்த பிரெட் தூளை அப்படியே கொட்டினால் இந்தப் பலன் பாதிதான் கிடைக்கும், அது கறியின் ஈரத்தையே குடித்துவிடும். ஊறவைப்பது முக்கியம்.

பொட்டுக்கடலைப் பொடி போட்டும் இரண்டு முறை செய்து பார்த்தேன். ஓவனில் ஒரு மணி நேரம் இருப்பதற்கு அது ஒத்துவரவில்லை. வாயில் மாவாக அப்பியது. அதைக் கோலாவுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கறி வாங்கும் விஷயம். பணம் போவதும் மிஞ்சுவதும் இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாக்கெட்டில் 80/20 என்று போட்டிருந்தால் 80 பங்கு கறி, 20 பங்கு கொழுப்பு. கிரவுண்ட் பீஃப் என்று விற்பதில் கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இங்கே சட்டம். கடைகளில் பெரும்பாலும் 73/27 என்பதுதான் மிகக் கொழுப்பான, மிக மலிவான வகை. கிரவுண்ட் சக் என்று போட்டிருந்தால் அது முன்சப்பை, தோள் பக்கக் கறி. பெரும்பாலும் 80/20-ஆக இருக்கும், கறியின் வாசனையும் நன்றாக இருக்கும். கிரவுண்ட் ரவுண்ட் என்பது பின்தொடை. கொழுப்புக் குறைவு, மீட்லோஃபுக்கு வறட்சி. 93/7 எல்லாவற்றிலும் விலை கூடியது, இந்தப் பண்டத்துக்கு எல்லாவற்றிலும் பொருந்தாதது. டாக்கோவுக்கோ முட்டைக்கோஸ் பொரியலில் போடவோ வாங்கலாம், இதற்கு வேண்டாம்.

என் சிபாரிசு 80/20. கொழுப்பு அதிகமோ என்று கவலைப்பட வேண்டாம். அதில் ஒரு பகுதி தட்டில் வடிந்துவிடும், ஒரு பகுதியைப் பிரெட் பிடித்துக்கொள்ளும், அந்தப் பகுதிதான் மீட்லோஃபை மெத்தென்று வைக்கிறது. 73/27 வாங்கினால் பவுண்டுக்கு ஒன்றிரண்டு டாலர் மிஞ்சுவது போலத் தெரியும். ஆனால் ஓவனிலிருந்து எடுக்கும்போது லோஃப் கண்ணுக்குத் தெரியச் சுருங்கியிருக்கும். 73/27-தான் வாங்க முடியும் என்ற வாரத்தில் அதைத் தனியாகப் போடாமல் பாதிக்குப் பாதி கிரவுண்ட் டர்க்கி (அரைத்த வான்கோழிக்கறி) கலந்துவிடுங்கள். டர்க்கியின் வறட்சியும் இதன் கொழுப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டும். உறைந்த நிலையில் பிளாஸ்டிக் உருளையாக வரும் டர்க்கி, எங்கள் பக்கத்துக் கடைகளில் பீஃபைவிட எப்போதும் மலிவாகவே இருக்கிறது.

பீஃப் விலையைச் சொல்லிப் புலம்பியிருந்தீர்கள், நியாயம்தான். 2025 ஜூனில் கிரவுண்ட் பீஃபின் நாட்டுச் சராசரி விலை பவுண்டுக்கு 6 டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டு ஜனவரிக் கணக்கெடுப்பில் நாட்டின் மாட்டு எண்ணிக்கை சுமார் 8 கோடியே 67 லட்சம். 1951-க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. வருடக்கணக்கான வறட்சியில் மேய்ச்சல் காய்ந்து, தீவன விலை ஏறி, பண்ணைக்காரர்கள் கன்று ஈனும் பசுக்களையே விற்றுவிட்டார்கள். மந்தை மறுபடி பெருக வருடங்கள் ஆகும். இன்னும் கொஞ்ச காலத்துக்கு இறைச்சியை அளந்து போட்டு மற்றதை நிரப்பக் கற்றுக்கொள்வது வீட்டுக்கு நல்லது.

கடையில் நான் பார்ப்பது இரண்டு. முதலாவது, மூன்று அல்லது ஐந்து பவுண்டுப் பெரிய பொதி. வீட்டுக்கு வந்தவுடன் ஒன்றரைப் பவுண்டாகப் பிரித்து, ஜிப் பைகளில் போட்டு, கையால் தட்டிச் சப்பாத்திக் கனத்துக்கு இல்லாவிட்டாலும் ஓர் அங்குலக் கனத்துக்காவது பரப்பி ஃப்ரீசரில் அடுக்கிவிடுவேன். தட்டையாக இருந்தால் முந்தின இரவு ஃப்ரிட்ஜில் இறக்கி வைத்தது மறுநாள் மாலைக்குள் முழுதாக இளகிவிடும். உருண்டையாக உறைந்தது நடுவில் கல்லாகவே இருக்கும். மூன்று நான்கு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. இரண்டாவது, காலையில் கடைக்குப் போனால் தேதி நெருங்கிய பொதிகளில் விலை குறைத்து ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். தயங்காமல் வாங்கலாம், ஆனால் அன்றே சமைக்க வேண்டும் அல்லது அன்றே உறைய வைக்க வேண்டும். அரைத்த கறியை ஃப்ரிட்ஜில் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் வைக்கவே கூடாது.

ஐந்து பேருக்கு ஒரு வேளை, மறுநாள் இரண்டு மூன்று சாண்ட்விச்சுக்கு மிச்சம் என்று என் அளவைச் சொல்கிறேன். 80/20 கிரவுண்ட் பீஃப் ஒன்றரைப் பவுண்டு, அதாவது 680 கிராம். சாதாரண வெள்ளை பிரெட் மூன்று துண்டு, நேற்றையது ஆனாலும் நல்லதே. பால் அரை கப். நடுத்தர வெங்காயம் ஒன்று. கேரட் ஒன்று, துருவியது. பூண்டு இரண்டு பல். முட்டை ஒன்று. கெட்சப் இரண்டு மேசைக்கரண்டி. வூஸ்டர்ஷைர் சாஸ் ஒரு மேசைக்கரண்டி. இல்லாவிட்டால் சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி ஊற்றி உப்பைக் குறையுங்கள். தூள் உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி. உலர்ந்த தைம் இருந்தால் அரைத் தேக்கரண்டி. மேலே பூசுவதற்குத் தனியாக: கெட்சப் அரை கப், பிரவுன் சுகர் இரண்டு மேசைக்கரண்டி, வினிகர் ஒரு மேசைக்கரண்டி, கடுகு சாஸ் ஒரு தேக்கரண்டி. பீஃப் பவுண்டு 6 டாலர் என்று வைத்தாலும் கறிக்கு 9 டாலர், மற்ற எல்லாவற்றுக்கும் மூன்றிலிருந்து நான்கு டாலர். எட்டுத் துண்டு வெட்டினால் துண்டுக்கு ஒன்றரை டாலரைச் சுற்றித்தான் வரும்.

வெங்காயத்தை நன்றாகப் பொடியாக நறுக்கி, ஒரு கரண்டி எண்ணெயில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை வதக்குங்கள். பூண்டு, கேரட்டை அதிலேயே போட்டு ஒரு நிமிடம் புரட்டி, ஆறவிடுங்கள். பலர் பச்சை வெங்காயத்தை அப்படியே போடுவார்கள். ஒரு மணி நேரம் ஓவனில் இருந்தும் அது நறுக்நறுக்கென்று நிற்கும், வெட்டும்போது அந்த இடத்தில்தான் துண்டு பிளக்கும். சூடாக வதக்கியதைக் கறியில் கொட்டவும் வேண்டாம், கறி குளிர்ந்தே இருக்க வேண்டும்.

பெரிய கிண்ணத்தில் பிரெட்டைக் கிள்ளிப்போட்டுப் பாலை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, விரலால் கூழாக மசியுங்கள். கட்டி இருக்கக் கூடாது. முட்டை, உப்பு, மிளகு, சாஸ், இரண்டு கரண்டி கெட்சப், ஆறிய வெங்காயம் எல்லாவற்றையும் இந்தக் கூழிலேயே முதலில் கலந்துவிடுங்கள். கறி கடைசியில். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. உப்பு நேராகக் கறியில் பட்டு, அதைப் பிசையவும் செய்தால், கறியின் புரதம் கரைந்து பசை மாதிரி ஆகும். சாசேஜுக்கு அந்த இழுவை வேண்டும், இதற்கு வேண்டாம். உப்பும் மசாலாவும் முன்பே கூழில் பரவியிருந்தால், கறியைப் போட்டபின் அதிகம் பிசைய வேண்டியிருக்காது. விரல்களை விரித்து, பிசிறிவிடுவது போல அரை நிமிடம், போனால் ஒரு நிமிடம். சப்பாத்தி மாவைப் போல் அழுத்திப் பிசைந்தால் மறுபடி செங்கல்தான். உங்கள் முதல் மீட்லோஃபை மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றியதாகவும் எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் இனிச் செய்யாதீர்கள்.

அடுத்து வடிவம். லோஃப் பேன் என்று ஒன்பதுக்கு ஐந்து அங்குலத்தில் விற்கிறார்கள், அதில்தான் சுட வேண்டும் என்று நினைப்பீர்கள். வேண்டியதில்லை. அதில் வைத்தால் கறி தன் கொழுப்பிலேயே வெந்து, பக்கங்கள் வெளிறிப் போகும். மேற்புறம் மட்டும்தான் சிவக்கும். ஒரு தட்டையான பேக்கிங் ட்ரேயில் அலுமினியத் தாள் விரித்து, அதன்மேல் கையால் ஒன்பது அங்குல நீளம், ஐந்து அங்குல அகலம், இரண்டு இரண்டரை அங்குல உயரத்துக்குப் பிடித்து வையுங்கள். மூன்று பக்கமும் சிவக்கும், கொழுப்பு வடியும், பூச்சு பக்கங்களிலும் ஒட்டும். பேன் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அதை அச்சாக வைத்துக்கொண்டு, கலவையை மெல்ல அழுத்தி ட்ரேயில் கவிழ்த்துவிடலாம். மேற்பரப்பில் விரிசல் இருந்தால் ஈரக் கையால் தடவி மூடுங்கள். அந்த விரிசல்தான் ஓவனில் பெரிதாகப் பிளக்கும்.

ஓவன் 350 டிகிரி ஃபாரன்ஹீட். முதலில் எதுவும் பூசாமல் நாற்பது நிமிடம். பூசினால் சர்க்கரை முன்னதாகவே கருகிவிடும். பிறகு வெளியே எடுத்துப் பூச்சில் முக்கால் பங்கைத் தடவி மறுபடி பதினைந்திலிருந்து இருபத்தைந்து நிமிடம். மீதிப் பூச்சை மேசைக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பச்சைக் கறியில் பட்ட பிரஷ் படாமல் முதலிலேயே தனியாக எடுத்துவிடுங்கள்.

நேரம் உத்தேசம்தான், முடிவு சொல்ல வேண்டியது தெர்மாமீட்டர். பக்கவாட்டிலிருந்து குத்தி, முனை நடுமையத்தில் இருக்கும்படி பார்த்தால் 160 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 71 செல்சியஸ் காட்ட வேண்டும். டர்க்கியோ சிக்கனோ கலந்திருந்தால் 165. முழுத் துண்டுக் கறியில் கிருமி மேற்பரப்போடு நிற்கும். அரைக்கும்போது அது உள்ளே எல்லா இடத்துக்கும் போய்விடுகிறது. 1993-ல் சரியாக வேகாத ஹாம்பர்கரால் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஈ.கோலை என்ற கிருமி பரவி, எழுநூறு பேருக்கு மேல் நோயுற்று, நான்கு குழந்தைகள் இறந்துபோனார்கள். அதனால் இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது: வெங்காயம் போன்ற காய்களில் இருக்கும் நைட்ரேட்டால் நன்கு வெந்த மீட்லோஃபும் இளஞ்சிவப்பாகவே இருக்கக்கூடும், நிறம் மாறிய கறி உள்ளே வேகாமலும் இருக்கக்கூடும். பதினைந்து டாலருக்குள் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். பயந்துகொண்டு கூடுதலாக இருபது நிமிடம் விட்டுக் காயவைப்பதும் அதனால் நின்றுபோகும்.

வெளியே எடுத்தபின் பத்துப் பதினைந்து நிமிடம் தொடாதீர்கள். பிள்ளைகள் தட்டோடு நிற்பார்கள், நிற்கட்டும். சூட்டோடு வெட்டினால் சாறெல்லாம் ட்ரேக்குப் போய்விடும், துண்டும் உதிரும். பிறகு நல்ல கூரான கத்தியால் ஓர் அங்குலக் கனத்துக்கு வெட்டுங்கள்.

இறைச்சியை இன்னும் குறைக்க வேண்டுமா என்றால், குறைக்கலாம். நான் நம்பிச் செய்வது பருப்பு. இந்தியக் கடையில் முழு மசூர் பருப்பு, அதுதான் இங்கே பிரவுன் லெண்டில் என்று விற்கப்படுவதற்கு நெருக்கமானது, அரை கப் எடுத்துக் குழையாமல் வேகவைத்து, நீரை ஒட்ட வடித்து, பாதியை மசித்து, பாதியை முழுதாக விட்டுக் கலந்தால் அரைப் பவுண்டுக் கறியைக் குறைத்துவிடலாம். நிறமும் கடியும் கறியோடு ஒத்துப்போகும், பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. அதற்கு மேல் போட்டால் லோஃப் கட்டு விட்டுவிடும். காளானும் நன்றாக இருக்கும்: எட்டு அவுன்ஸ் பட்டன் காளானைப் பொடியாக நறுக்கி, தண்ணீர் முழுக்க வற்றும்வரை வதக்கிச் சேர்க்க வேண்டும். ஆனால் காளான் விலையைப் பார்த்தால் சுவைக்காகப் போடலாமே தவிர மிச்சத்துக்காக இல்லை. பிரெட் தீர்ந்துபோன நாளில் ஓட்ஸ் முக்கால் கப்பைப் பாலில் பத்து நிமிடம் ஊறவைத்துப் போடுங்கள். பதம் கொஞ்சம் கட்டியாக, கிராமத்துத்தனமாக இருக்கும், எனக்கு அதுவும் பிடிக்கும். சால்டீன் என்றால் இருபது பிஸ்கட் போதும், உப்பை அரைத் தேக்கரண்டி குறைக்க வேண்டும். மிச்சச் சோற்றைப் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். அன்றைக்குச் சாப்பிட நன்றாக இருக்கும், மறுநாள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் பருக்கை விறைத்துப்போய் மணல் மாதிரி கடிபடும். நான் போடுவதில்லை.

வெங்காய சூப் பொடிப் பாக்கெட் போட்டுச் செய்வதும் இங்கே பெருவழக்கு. லிப்டன் பாக்கெட்டோடு வரும் அந்த முறையில் வளர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. வேலை முடிந்து ஆறு மணிக்கு வீடு திரும்பும் நாளில் அது உதவும். உப்பு தனியாகப் போடாதீர்கள், அந்தப் பொடியிலேயே நிறைய இருக்கிறது.

மாட்டுக்கறி சாப்பிடாத நண்பர்கள் சிலர் இதே கேள்வியை என்னிடம் கேட்டதுண்டு. முழுக்க கிரவுண்ட் டர்க்கியிலேயே செய்யலாம். 85/15 வகையைத் தேடுங்கள். மார்புக்கறி மட்டும் அரைத்தது 99 சதவீதம் கொழுப்பற்றது என்று வரும், அது வேண்டாம். பிரெட்டை நான்கு துண்டாக்கி, பாலை முக்கால் கப்பாக்கி, வெங்காயத்தை ஒரு கரண்டி அதிக எண்ணெயில் வதக்குங்கள். வூஸ்டர்ஷைரோடு சோயா சாஸும் ஒரு தேக்கரண்டி சேர்த்தால் டர்க்கியின் மந்தமான சுவை எழும்பும். கலவை பிசுபிசுவென்று ஒட்டும், கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். இரண்டு செய்முறைக்கும் வேறுபாடு இவ்வளவுதான். 165 டிகிரியை மறக்க வேண்டாம்.

இஞ்சி பூண்டு விழுது, கரம் மசாலா போடலாமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: முதல் முறை வேண்டாம். உங்கள் மகள் கேட்பது தோழி வீட்டில் சாப்பிட்ட அந்த இனிப்பும் புளிப்புமான கெட்சப் மணத்தை. அதை அவளுக்கு அப்படியே ஒரு முறை செய்துகொடுங்கள். அடுத்த மாதம் பச்சை மிளகாய், கொத்தமல்லித்தழை, சோம்புப்பொடி அரைத் தேக்கரண்டி போட்டு, தைமை விட்டுவிட்டுச் செய்யுங்கள். கெட்சப் பூச்சில் ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள். எங்கள் வீட்டில் இரண்டும் மாறிமாறி நடக்கிறது. பெரியவர்களுக்கு இரண்டாவது, பிள்ளைகளுக்கு இன்னமும் முதலாவதுதான்.

கூட என்ன வைப்பது? இங்கே வழக்கம் மசித்த உருளைக்கிழங்கும் பச்சை பீன்ஸும். மசிப்பதற்குப் பதில், ஓவன் எப்படியும் ஒரு மணி நேரம் எரியப்போகிறதே என்று நான் ஐந்து ரஸட் உருளைக்கிழங்கைக் கழுவி, முள்கரண்டியால் குத்தி, மீட்லோஃபுக்கு இருபது நிமிடம் முன்னதாகவே கீழ்த்தட்டில் வைத்துவிடுவேன். மீட்லோஃப் எடுத்து ஆறுவதற்குள் அதுவும் வெந்துவிடும். பீன்ஸ் உறைந்த பாக்கெட் போதும். ட்ரேயில் வடிந்த கொழுப்பைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய் அடைக்கும். அதில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, அதே அளவு மைதாவை வறுத்து, ஒரு கப் வெந்நீரும் சூப் க்யூப் ஒன்றும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் கிரேவி தயார். உருளைக்கிழங்கைப் பிளந்து அதன்மேல் ஊற்றிக்கொள்ளலாம். மிச்சக் கொழுப்பு ஒரு தகர டப்பாவில் உறைந்தபின் குப்பைக்கு.

அவசர நாளுக்கு ஒரு குறுக்குவழி: இதே கலவையை மஃபின் தட்டின் பன்னிரண்டு குழிகளில் பிடித்து வைத்தால் இருபத்தைந்து முப்பது நிமிடத்தில் வெந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று என்பதே ஒரு சந்தோஷம். ஓரங்கள் அதிகம் இருப்பதால் நடுப்பகுதியின் அந்த மென்மை குறையும், அதனால் ஞாயிற்றுக்கிழமைக்கு நான் முழு லோஃபே செய்கிறேன்.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், மூன்று நான்கு நாள் தாங்கும். மறுநாள் குளிர்ந்த லோஃபை வெட்டுவது சுலபம், துண்டு சுத்தமாக வரும். தோசைக்கல்லில் எண்ணெய் தொட்டு இரண்டு பக்கமும் முறுகவிட்டு, வெள்ளை பிரெட்டில் மயோனைஸும் மிச்சமிருந்த பூச்சும் தடவி, நடுவில் வைத்துக் கொடுங்கள். அந்த டேட்டன் பாட்டி முதல் நாள் ஒரு துண்டுதான் சாப்பிடுவார், மறுநாள் சாண்ட்விச்சுக்காகவே இரண்டு துண்டைத் தாளில் சுற்றி ஒளித்து வைப்பார். முறுகிய ஓரத்தைக் கடித்துப் பார்த்தபின்தான் எனக்கு அது புரிந்தது.

இரண்டு மடங்கு கலந்து, ஒரு லோஃபைச் சுடாமல் தாளில் இறுகச் சுற்றி உறைய வைத்துவிட்டால் இன்னொரு வாரத்துச் சாப்பாடு தயாராக இருக்கும். அதைச் சுடுவதற்கு ஒரு முழு நாள் முன்பே ஃப்ரிட்ஜில் இறக்கிவிடுங்கள். முதல் லோஃப் எப்படி வந்தது, தெர்மாமீட்டர் என்ன காட்டியது என்று எழுதுங்கள். வெட்டிய துண்டு உதிர்ந்தால் அதையும் சொல்லுங்கள், பெரும்பாலும் பிரெட் சரியாக மசியாமல் இருந்திருக்கும்.